சுண்ணாம்பு மாத்திரை

புதிய மருந்து ஒன்றைத் தின்று பார்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஊருக்கு ஜீப் வந்தபோது முதலில் கையை நீட்டியவள் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. உறுவையாற்றில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். என் கணவர் வில்லியனூரில் வாத்தியார், சைக்கிளில் போய் வருவார். மற்றவர்களுக்கு வயல் வேலை. அக்காதான் நடவு ஆட்களுக்குத் தலைவி. எந்த வயலுக்கு யார் வருவது, யார் எந்த வரிசையில் நிற்பது, கூலி நெல்லை எப்படிப் பிரிப்பது, எல்லாம் அவள் சொன்னபடிதான் நடக்கும்.

எங்கள் பக்கத்தில் யானைக்கால் புதிது இல்லை. அது கொசுவால் வருகிறது, ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கிறது என்று ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் புழு ஊர் அடங்கிய பிறகுதான் தோல் பக்கம் வருமாம். அதனால் தூக்கத்திலிருந்து எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போனார்கள். என் ரத்தத்தில் புழு இல்லை. அக்கா ரத்தத்தில் இருந்தது.

அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இடது கால் மெட்டி இறுகிப்போய், ஆசாரியிடம் கொடுத்து அகலமாக்கிப் போட்டிருந்தாள். நான் கேட்டதற்கு, "சேத்துல நின்னு நின்னு விரலு பருத்துப்போச்சு" என்றாள். அடுத்த தெருவில் ஓர் அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கி, வாசலைத் தாண்டி வருஷக்கணக்காகிறது. அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் அக்கா நடையில் வேகம் கூடும். காலைப் பற்றி அவள் வாய்விட்டுப் பேசியதில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பெரியம்மா பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள். அக்காவைக் கடித்த கொசு குழந்தையைக் கடித்தால்? ரத்த விஷயம் தெரிந்த அன்றே குழந்தையின் பாயை என் பக்கம் இழுத்துப் போட்டேன். குழந்தை அழுதாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததே எனக்குத் தாங்கவில்லை. பாயை மறுபடி அவள் பக்கம் போட்டேன். போட்ட பிறகு, தாயாக நான் செய்தது சரிதானா என்று குழம்பினேன். கடைசியில் என்னுடைய மெல்லிய பழைய வாயில் துணிப் புடவை ஒன்றைக் கிழித்துக் கொசுவலை போலத் தைத்து இரண்டு பேருக்கும் மேலே கட்டினேன். "எனக்கும் சேத்தாடி கல்யாணப் பந்தல் போடற?" என்று அக்கா சிரித்தாள்.

ரத்தத்தில் புழு இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டித்தான் மருந்து விவரம் சொன்னார்கள். மெட்ராஸ் டாக்டரின் தமிழில் பாதி இங்கிலீஷ். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் என்பதால், அவர் சொல்வதை எடுத்துச் சொல்ல என்னை முன்னால் நிறுத்தினார்கள். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும், இங்கிலீஷ் அதைவிடக் கொஞ்சம். இடுப்பில் குழந்தை. நான் ஏதாவது தப்பாகச் சொல்லி, அதைக் கேட்டு யாராவது மாத்திரை தின்று, ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எனக்கு.

விஷயம் இதுதான். ரத்தத்தில் புழு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை. மீதிப் பேருக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. வாரம் ஒரு தரம் ராத்திரியில் வந்து ரத்தம் கொடுத்துப் பொட்டலம் வாங்கிப் போனால் ஒரு நாள் நடவுக் கூலி கொடுப்பார்கள். மருந்து வேலை செய்தால் புழு சாகும்போது சுரம் வரும், இரண்டு நாளில் போய்விடும். பால் கொடுக்கிறவர்களை எடுப்பதில்லை. எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

"யாருக்கு எதுன்னு டாக்டருக்குத் தெரியுமா?" என்று நடவுக் கூட்டத்திலேயே வாய்த்துடுக்கான ஒரு கிழவி கேட்டாள்.

"அவருக்கே தெரியாதாம். மெட்ராசுல ஒருத்தருக்குத்தான் தெரியுமாம்" என்றேன்.

"இன்னாடி இது! குடுக்குறவனுக்கே தெரியாதா? கூலியும் மெட்ராசுலதான்னு சொல்லிடப் போறான், கேட்டுக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "செத்துகித்து போயிட்டா?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. வேறு ஊர்களில் நிறையப் பேருக்குக் கொடுத்தாகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். அதை நான் இரண்டு தரம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அக்கா எழுந்து முன்னால் போய்க் கையை நீட்டினாள். "காலு போச்சுன்னா எனக்கு வயலு போச்சு. எழுதிக்கிங்க சார்."

அவளுக்குப் பின்னால் கூட்டம் முழுக்க எழுந்தது.

அன்றே முதல் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் வயலில் வரிசை குறைந்திருந்தது. மாத்திரை தின்றவர்களில் பாதிப் பேர் சுரத்தில் படுத்துவிட்டார்கள். அக்காவுக்குச் சுரம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு குழந்தையின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து, "சில்லுனு கீதாடி?" என்றாள். மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: "எனக்குச் சுண்ணாம்புதான்." வெறும் மாவு மாத்திரைக்கு நடவுப் பெண்கள் வைத்த பெயர் அது.

சுரத்தில் விழுந்து எழுந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த பொட்டலங்கள் வந்த மறுநாள், மதியம் கஞ்சி குடிக்க வரப்பில் உட்கார்ந்தபோது அந்தக் கிழவிதான் ஆரம்பித்தாளாம். "எங்கள இட்டாந்தவ நீ. எங்களுக்கு மருந்து, உனக்குச் சுண்ணாம்பா? இது இன்னா நாயம்?" கூலி நெல்லை ஒரே குவியலாகக் கொட்டிச் சமமாகப் பிரிப்பதுதான் அவர்கள் வழக்கம். இடுப்பு வலியால் பாதி வரிசை மட்டும் நட்டவளுக்கும் அதே அளவுதான். அதே மாதிரி எல்லாப் பொட்டலத்தையும் பிரித்துக் கஞ்சிச் சட்டி மூடியில் கொட்டிக் கலந்து, ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டார்கள். பங்கு போட்டது அக்காவின் கைதான்.

தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். பிறகு, "இதத் தின்னா அந்த டாக்டருக்கு இன்னா நஷ்டம்? படிச்சவ நீ சொல்லு" என்றாள்.

ஒன்றுமில்லை அக்கா, தின்னுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் இடது கால் என் எதிரில்தான் இருந்தது. ஆனால் அவள் என்னை நம்பிக் கேட்டாள். "ஒரு வயலுக்குப் புது உரம் போடறாங்க, பக்கத்து வயலுக்குப் போடல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் உரம் நல்லதான்னு தெரியும். ரெண்டுக்கும் கலந்து போட்டுட்டா எப்படித் தெரியும்?" என்றேன்.

"அப்போ நான் உரம் போடாத வயலு."

"ஆமாங்க்கா."

"நான் இல்லன்னா அந்த உரத்துக்குப் பேரு இல்ல."

அதுவரை நான் அப்படி யோசித்ததில்லை. அவள் முடிச்சை அவிழ்க்காமல் எழுந்து போய்விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்குப் பாதி மருந்தாவது போயிருக்கும். என் கணவரிடம் சொன்னேன். "கேட்டதுக்கு உள்ளத சொன்ன" என்றார். அவருக்கு அது போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை.

அடுத்த தரம் ஜீப் வந்த அன்று இரவு டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்குவதும் ஏட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். புரியாதவர் முகம். அக்கா வரிசையை விட்டு முன்னால் போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைகளை மேஜைமேல் வைத்தாள்.

"எல்லாத்தையும் கலந்து பங்கு போட்டுட்டோம் சார். போட்டது நானு. இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

பின்னாலிருந்து கிழவி, "ஏண்டி போட்டுக் குடுக்குற? கூலி போச்சா!" என்று கத்தினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோபம்தான். இத்தனை வேலையும் வீண் என்றார். பிறகு, "நான் கேக்கவே இல்லயே, நீங்களா ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. அதான் நானா சொல்றேன்."

அவரோடு வந்திருந்த நர்சம்மா சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் குரல் மாறிவிட்டது. சில வாரம் விட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், மெட்ராசிலிருந்து புதுப் பொட்டலங்கள் வரும், யாருக்கு எது என்று அப்போதும் தெரியாது என்றார்.

"எனக்கு மறுபடி சுண்ணாம்பே வந்தாலும் வருமா?"

"வரலாம்மா. முடிஞ்ச பிறகு மாவு மாத்திரை தின்னவங்க எல்லாருக்கும் மருந்து குடுத்துடுவேன்."

"நெசமா?"

"நிஜமா."

"அப்போ வரட்டும்."

புதுப் பொட்டலம் வந்தது. அக்காவுக்குச் சுரம் வரவில்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது, இந்தத் தடவையும் மாவுதான் என்று. அவள் ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை. காலையில் வயலில் இறங்குவதற்கு முன் எல்லோரையும் வரப்பில் நிறுத்தி, அவரவர் மாத்திரையை அவரவர் வாயில் போடச் சொல்லித் தண்ணீர் ஊற்றுவாள். "வாயத் தொற. நாக்கத் தூக்கு."

"எங்க மாமியாகூட என் வாய இப்படிப் பாத்ததில்ல" என்பாள் ஒருத்தி.

"பாத்திருந்தா உன்னக் கட்டி வச்சிருக்க மாட்டா. முழுங்கு."

கடைசியாகத் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். ஒரு பயனும் இல்லை என்று தெரிந்த மாத்திரையை, மருந்து தின்கிறவர்களைவிட ஒழுங்காகத் தின்றாள். தலைவலிக்கு ஒரு கஷாயம் கொடுத்தால், வேலை செய்யுமா என்று நான்கு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறவள் நான். அவளைப் பார்க்கும்போது என் படிப்பைப் பற்றியெல்லாம் எனக்கு நினைவே வராது. இப்படி ஒருத்தியோடு ஒரே அடுப்பில் சமைக்கிறேன் என்ற பெருமைதான் இருக்கும்.

ஆனால் கால் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஐப்பசியில் நெறி கட்டிப் படுத்தாள். மெட்டியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். கடைசிப் பொட்டலமும் முடிந்து, மழை பிடித்து, ஆற்றில் வெள்ளம் வந்தது. ஜீப் வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் வரவில்லை. வேலை முடிந்துவிட்டது, இனி எதற்கு வருவார்கள் என்றாள் கிழவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வில்லியனூரில் 'மேரி' என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் என் கணவரை விசாரிக்கச் சொன்னேன். அங்கே யாருக்கும் தெரியவில்லை. நான் சொன்ன அந்த உரக் கதை மனசில் அறுத்துக்கொண்டே இருந்தது.

"வருவாரு" என்றாள் அக்கா. "நான் சொன்ன சொல்லுல நின்னேன். அவரு மட்டும் எப்படி வராம இருப்பாரு?"

இதை நான் எப்படி நம்புவது? அவள் நம்பினாள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலை ஒரு முக்காலிமேல் நீட்டியபடி, நாற்று நடவுக்கு யார் யாரைக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்னால் ஜீப் வந்தது. மருந்து வேலை செய்கிறது, நன்றாகத் தெரிந்துவிட்டது என்று டாக்டர் வராந்தாவில் நின்றே சொன்னார். மாவு மாத்திரை தின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் அக்காவைக் கூப்பிட்டார். ஏற்கெனவே வந்துவிட்ட வீக்கம் முழுக்கப் போகாது, ஆனால் ரத்தத்தில் புழு போனால் குழந்தைக்குப் பயம் இருக்காது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பயந்ததை அவரிடம் யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறியும் அவள் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். வீட்டில் இருந்த கம்பளியெல்லாம் மேலே போட்டு, பல் கிட்டுகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வந்துடுச்சுடி! தொட்டுப் பாரு."

நெற்றி கொதித்தது. குழந்தையும் கையை நீட்டித் தொட்டுவிட்டு, "சுடுது" என்றாள். அன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொண்ட வார்த்தை.

"சுடட்டும், சுடட்டும்" என்றாள் அக்கா. "அரிசிப் பானையில மெட்டி கீது, எடுத்து வையி. ஆசாரிகிட்ட இன்னும் கொஞ்சம் அகலமாக்கி வாங்கியாரச் சொல்லு. காலு எப்படி இருந்தா இன்னா, நடவுக்குப் போட்டுக்கினுதான் போவேன்."

நான் பானைக்குள் கையை விட்டேன்.