பட்டியலின் நடுவில் இருந்தவர்

எங்கள் மீனவர் சங்கத்துக்குப் புதிய அடையாள அட்டை அடிக்க, வாவிக்கரைக் கட்டடத்தில் வைத்து நான்தான் போனில் படம் எடுத்தேன். பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நாற்பத்திரண்டு படங்கள். கோப்புகளுக்குப் போன் போட்ட வெறும் இலக்கங்கள்தான் பெயர். அச்சகக்காரரோ ஆளின் பெயரிலேயே கோப்பு வேண்டும் என்றார்.

ஒவ்வொன்றாக மாற்ற நான் என்ன மடையனா? டெக்ஸ்ட் எடிட்டரில் பழைய கோப்புப் பெயர்களை ஒட்டி, பக்கத்தில் பதிவேட்டுப் பெயர்களை ஒட்டினேன். எல்லா வரிக்கும் முன்னால் பெயர் மாற்றும் கட்டளையை ஒரே தடவையில் சேர்த்தேன். அடியில் ஒரு பெயர் படமில்லாமல் மிஞ்சியது. யாரோ வரவில்லையாக்கும் என்று அதை அழித்துவிட்டு ஓடவிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. தலைவரைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

வராதவர் அடியில் இல்லை, நடுவில் இருந்தார். இரண்டு கிழமைக்கு முன் மாரடைப்பில் போனவர். முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமட்டும் செத்தவரின் பெயரை வெட்டுவதில்லை என்பது எங்கள் சங்கத்து வழக்கம். படம் எடுக்கும்போது அந்தப் பெயரை நானே வாய்க்குள் விழுங்கித் தாண்டிப் போயிருந்தேன். ஒட்டும்போது நினைவில்லை. அவர் பெயருக்கு நேரே அடுத்தவரின் முகம் விழுந்தது, அங்கிருந்து கீழே எல்லாமே பிசகு. ஒரு படத்தையாவது திறந்து பார்த்தேனா? இல்லை.

அட்டைகள் வந்த அன்று அவருடைய மனைவி வந்தார். கணவர் பெயரிலும் அட்டை இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அவர் போறதுக்கு முதல் இஞ்ச வந்து படம் எடுத்தவரா தம்பி? என்னட்டச் சொல்லவேயில்ல. வீட்ட அவர்ர நல்ல படம் ஒண்டும் இல்ல. முப்பத்தொண்டுக்குப் பெருசாக்கி வைக்கணும்.”

பெயரைப் பார்த்து எடுத்து நீட்டினேன். முகத்தை அப்போதும் பார்க்கவில்லை.

“இது அவர் இல்லையே.”

பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். “கம்ப்யூட்டர் மாத்திப் போட்டுட்டுது அக்கா” என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மெசின்தானே தம்பி, அதுக்கு என்ன தெரியும்? அப்ப அவர்ர முகம் வேற ஆர்ர கார்ட்டிலயோ இரிக்கும். தேடிப் பாருங்க.”

படமே எடுக்கவில்லை என்று தெரிந்தும், கட்டைப் பிரித்து, மிச்ச நாற்பத்தொரு அட்டைகளையும் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு முகத்தையும் அவர் குனிந்து பார்த்தார்.