தொண்டை மிட்டாய் வாங்கிய நடிகர்

மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கு வியாதியைவிட வதந்திதான் சீக்கிரம் தொற்றும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பார்மசிஸ்ட். போன மாதம் சென்னையில் ஒரு நடிகர் திடீரென்று இறந்துபோனார். பல வருஷமாக ஏதோ மருந்துக்கு அடிமையாக இருந்தாராம் என்று மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் முழுக்கப் பேச்சு. என்ன மருந்து என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்க என் கடைக்கு வந்தார்கள்.

மெலிய ஒரு வழி

முதலில் வந்தவர் கிள்ளானிலிருந்து வரும் ஆன்டி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒடம்பு மெலியற மருந்தாம், ஹார்ட்ட நிறுத்திருச்சாம்" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கனத்தது. ஆன்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அது இங்க இருக்காம்மா? நெறைய வேணாம், தீபாவளிக்குள்ள கொஞ்சம் எளைச்சா போதும்."

சுவரில் மாட்டிய படம்

அந்த நடிகர் கலைநிகழ்ச்சிக்காகக் கடல் தாண்டி இங்கே வந்திருந்தபோது என் கடையில் தொண்டை மிட்டாய் வாங்கினார். அவரோடு எடுத்த செல்ஃபியை, எல்லாக் கடைக்காரர்களையும் போல, சட்டம் போட்டு கவுண்டருக்கு மேலே மாட்டியிருந்தேன். இத்தனை நாளாக யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நடிகர் என்ன வாங்கினார் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அண்ணன் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"புரியுது சிஸ்டர், வெளிய சொல்ல முடியாதுல்ல. அந்த மிட்டாயே ரெண்டு பாக்கெட் குடுங்க."

நற்சான்று

செலாயாங் மார்க்கெட்டுக்கு லோரி ஓட்டும் மாணிக்கம் அங்கிள் பல வருஷமாக இடுப்பு வலி மாத்திரையைச் சோறு மாதிரி சாப்பிடுபவர். சிறுநீரகம் கெட்டுவிடும், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் கெஞ்சாத நாளில்லை. நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார். அன்றைக்கு யாரோ, நடிகருக்கு அந்த மருந்து போனதே என் கடையிலிருந்துதான் என்று குசுகுசுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. கடை நிறைய ஆட்கள். அங்கிள் எனக்காகப் பொங்கி எழுந்தார்.

"இந்தப் பொண்ணப் பத்தி தப்பா பேசாதீங்க லா! இந்த மாத்திரை இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ரெய்டு

அதோடு அவருக்கு மாத்திரை இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அங்கிள் கோபத்தில் வாசலிலேயே நின்று, "ரெய்டு வருதாம், அதான் ஸ்டாக்க ஒளிக்குது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி தெரு முழுக்கப் பரவியது. பயந்துபோன மற்றக் கடைக்காரர்களும் அவருக்கு மாத்திரை கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் அங்கிள் அரசாங்க கிளினிக்குப் போனார். அங்கே ரத்தப் பரிசோதனை செய்ததில், சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, இன்னும் கை மீறவில்லை. அதைச் சொல்ல வந்தவர் சுவரில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீ கெஞ்சினப்ப நான் போகல லா. பாவம், இவரு செத்துதான் என்னைய கொண்டுபோய் வுட்டாரு."

அந்த நடிகர் என்னதான் சாப்பிட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் தொண்டை மிட்டாய் மட்டும் இப்போது என் கடையில் நிற்பதே இல்லை.