பெரியப்பாவுக்கு ஒரு 'நீ'

எங்கள் வீட்டில் மரியாதை கீழிருந்து மேலே மட்டும்தான் போகும். அப்பா அம்மாவை, நீக்கும் நீங்களுக்கும் நடுவிலுள்ள 'நீர்' என்பார். அம்மா அவரை 'நீங்கள்' என்பார். என்னை எல்லோரும் 'நீ' என்பார்கள். நான் எல்லோருக்கும் 'நீங்கள்' போடவேண்டும். நாங்கள் இருக்கிற டென்மார்க்கின் டேனிஷ் மொழியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ஒரே 'டு'தான். எங்கள் எஸ்பியர்க் நகரப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று யாரும் யோசிக்கவில்லை.

மேல்மாடியில் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்புத் தோழி. ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் மாதிரி 'தூ', 'உஸ்தெத்' என்று இரண்டு உண்டு என்று அவள்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய தாய் அவளைக் கூப்பிடுவதே உஸ்தெத் என்றுதான். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி ஏசும்போதும் உஸ்தெத், கட்டிப்பிடித்துக் கொஞ்சும்போதும் உஸ்தெத். அவர்கள் ஊர் வழக்கம் அப்படியாம். வீட்டுப் பூனைக்குக்கூட உஸ்தெத்! பூனைக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கு இல்லையா என்று பற்றிக்கொண்டு வந்தது. இனி என்னை நீ என்பவரை நானும் நீ என்பேன் என்று முடிவெடுத்தேன்.

அந்த ஞாயிறு கோல்டிங் நகரிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர் அவர்தான். அவர் முன்னால் அப்பா கதிரையில் சாய்ந்துகூட இருக்கமாட்டார்.

"எப்பிடிப் பிள்ளை, நல்லாப் படிக்கிறியோ?" என்று பெரியப்பா சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"ஓம், படிக்கிறன். நீ எப்பிடி இருக்கிறாய்?"

அம்மாவின் கையில் கறிக்கரண்டி அப்படியே நின்றது. பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார்.

"பிள்ளை வளர்ப்பு நல்லாயிருக்கு, தம்பி."

அப்பாவின் முகம் கறுத்தது. "மன்னிப்புக் கேள்" என்றார்.

"ஏன் கேக்கவேணும்? அவர் என்னை நீ எண்டவர். மேல்வீட்டில பூனைக்கும் நீங்கள் எண்டுதான் சொல்லுகினம்."

"கேக்காட்டிச் சாப்பாடு இல்லை."

எனக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி அன்று. எழுந்து அறைக்குப் போய்விட்டேன். வயிறு கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். பெரியப்பா புறப்பட்டபோதும் வெளியே வரவில்லை. இன்று கேட்டாலும் என் பக்கம்தான் நியாயம் என்பேன்.

"எழும்பு குஞ்சு" என்று போர்வையை இழுத்துத்தான் அப்பா தினமும் என்னை எழுப்புவார். மறுநாள் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எழும்புங்கோ. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது."

நான் கட்டிலில் துள்ளினேன். பின்னேரம், "பால் குடிச்சிட்டீங்களோ?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "காணும், விடுங்கோ. சின்னப்பிள்ளை."

"அவதானே கேட்டவ" என்றார் அப்பா.

மேல்மாடிக்கு ஓடிப்போய், வென்றுவிட்டேன் என்று தோழியிடம் சொன்னேன். அந்த மாரிகாலம் முழுவதும் அப்பா என்னை 'நீங்கள்' என்றே சொன்னார். போர்வையை இழுக்கவில்லை. குஞ்சு என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. நான் பெரிய ஆளாகிவிட்டேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.