மாந்தோப்புக்குப் போட்ட கையெழுத்து

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பி.காம் முதலாண்டுக்கு வணிகச் சட்டம் நடத்துகிறேன். எனக்குக் குரல் பெரிது, பொறுமை கொஞ்சம்தான். சட்டம் என்றதுமே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பதால் முதல் வாரமே மிரட்டி வைத்துவிடுவேன்.

அந்த வருஷமும் மிரட்டினேன். "பதினெட்டு ஆகாதவங்க போடுற ஒப்பந்தம் செல்லாது. இங்க பாதிப் பேருக்குப் பதினேழுதான். உங்க கையெழுத்தெல்லாம் வெறும் மை." வகுப்பு சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் அழுதாள்.

மணி அடித்ததும் அவளை நிறுத்தி விசாரித்தேன். சாணார்பட்டிப் பக்கம் அவர்களுக்கு ஒரு மாந்தோப்பு. பூத்த உடனேயே அந்த வருஷக் காய்ப்பை ஒரு வியாபாரிக்குப் பேசி விட்டிருந்தார்கள். அப்பா கைநாட்டு. பன்னிரண்டாவது படிக்கிற மகள் இருக்கும்போது கட்டைவிரலில் மை எதற்கு என்று, பெருமையாக அவளையே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்.

"யாரைக் கேட்டுப் போட்ட?" என்று கத்திவிட்டேன்.

"அப்பாதான் மேம் போடச் சொன்னாரு. இப்ப மாங்கா வெல எறங்கிப் போச்சு. இது தெரிஞ்சா வியாபாரி தோப்பே வேணாம்னு போயிருவாரா?"

போகலாம் என்றுதான் என் நோட்ஸ் சொன்னது. 'வாயைத் திறக்காதே' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சட்டம் நடத்துகிற நாக்கு! விழுங்கிவிட்டு, அப்பாவிடம் சொல்லச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு நேரே வியாபாரியிடமே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்: "ஒன் கையெழுத்த நம்பியா பாப்பா தோப்ப எடுத்தேன்? ஒங்கப்பாவும் நானும் வெத்தல பாக்கு மாத்துனோம்ல. அம்புட்டுத்தான் பேச்சு."

எனக்குச் சுருக்கென்றது. பேசி முடித்தது வயது வந்த இரண்டு பேர். இந்த மாதிரி வியாபாரத்துக்கு வாய்ப்பேச்சே ஒப்பந்தமாகும். அடுத்த வாரம் நானே நடத்த வேண்டிய பாடம் அது. காகிதத்தைப் பற்றியே கேட்ட நான், விலை பேசியது யார் என்று கேட்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொள்ள நான் ஆனையும் இல்லை. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளுக்கு நன்றி சொன்னேன். கூச்சத்தில் நெளிந்தாள். என்னை ஒரு நல்ல ஆசிரியை ஆக்கியவள் அவள்தான். இப்போதெல்லாம் முதல் வகுப்பில் நான் மிரட்டுவதில்லை, கேட்கிறேன்.

மறுவருஷம் மா பூத்தபோது, புது ஒப்பந்தத்தைப் போனில் படமெடுத்து வந்து காட்டினாள். அப்பாவின் கைநாட்டு. அதற்குக் கீழே, சாட்சியாக அவள் கையெழுத்து. பக்கத்திலேயே 'வயது 18' என்று கொட்டை எழுத்தில்.

"அப்பாதான் எழுதச் சொன்னாரு மேம். இல்லாட்டி ஒங்க மேம் திட்டுவாங்கன்னாரு."

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.