என் பேரில் நின்ற பனைகள்

போன கிழமை மண் அள்ளுகிற பெக்கோ ஒன்று எங்கள் படலைக்கு முன்னால் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இந்த மாரி வெள்ளம் றோட்டைத் திரும்பவும் அறுத்துப்போட்டது. அதைச் சரிக்கட்ட வந்தது. நானும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். எனக்கு வேறென்ன வேலை? இரும்புக் கை சேற்றுக்குள் போய், கன்னங்கரேலென்று ஒரு குற்றியைத் தூக்கிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு மணம். ஊறின பனை, பழஞ்சேறு, கொஞ்சம் புளிப்பு. சேற்றில் விழுந்த இரத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான் மணக்கும். எனக்குத் தெரியும்.

"எணை அம்மா, இதென்ன பனங்குற்றி? இஞ்சை சண்டைக்காலத்துப் பங்கர் இருந்ததோ?" என்றான் பெக்கோக்காரன்.

"பங்கருமில்லை கிங்கருமில்லை. அது என்ரை மரம்."

அவன் சிரித்தான். நீங்களும் சிரிப்பீர்கள். பொறுங்கள், சொல்கிறேன்.

அப்பு எனக்குச் சீதனமாகத் தந்தது இந்த மேட்டுக் காணியும் வாய்க்கால் கரையோடு நின்ற ஆறு பெண்பனையும். காணி உறுதி என் பேரில். நான் தடக்காமல் வாசிக்கிற ஒரே கடுதாசி அதுதான், அதுவும் என் பேர் இருக்கிற வரி மட்டும். பெண்பனைதான் வயிரம், ஆண்பனை அவ்வளவு வராது. மனிதரிலும் அப்படித்தான் என்பேன். இவர், என் புருசன், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கலியாணம் முடித்து மூன்றாம் மாரி அது. குளம் வான்பாய்ந்து, வாய்க்கால் பொங்கி, றோட்டை இருபது முழத்துக்கு அறுத்துக்கொண்டு போனது. ஊருக்கு வேறு வழியில்லை. முதல் நாளே ஒரு சோடி மாடு வண்டிலோடு போனது. நுகத்தில் கட்டுண்ட தலைகள் இரண்டும் தண்ணீருக்குள் தாண்டு, எழும்பி, திரும்பத் தாண்டதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அரிசி, மாவு விற்கிற சங்கக்கடை அக்கரையில். மூன்றாம் நாள் வீடுகளில் மாவு முடிந்தது.

வெள்ளக்கரையில் நின்ற மரம் என் பனைதான். தறித்தால் நேரே அக்கரையில் தலை விழும், அதுவே பாலம். வேறு மரத்தை அந்தச் சேற்றில் இழுக்க ஆனைதான் வரவேண்டும். எல்லாம் சரி. ஆனால் சீதனக் காணியில் ஓர் ஓலை வெட்டுவதென்றாலும் பெண்சாதியைக் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் வழமை. ஊரே அறிந்த வழமை. மழைக்குள் அதை மறந்து, இவரிடம் கேட்டார்கள். இவரும் தலையாட்டிவிட்டார்.

ஆட்டுக்கு ஓலை வெட்டிக்கொண்டு நின்ற நான் கோடாலிச் சத்தம் கேட்டுக் கொடுவாக்கத்தியோடு ஓடினேன். கந்தையா அம்மான் என் பனையில் கொத்திக்கொண்டிருந்தார். இவரின் தாய்மாமன்; ஊருக்கே தலை.

"ஆரின்ரை மரத்துக்கு ஆர் ஓம் எண்டது?"

"உன்ரை புருசன். தள்ளி நில்லடி பெட்டை, ஊர் பட்டினி கிடக்குது."

"என்னைக் கேட்டனீங்களோ?"

கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன், அது வேறு கதை. மரத்தைக் கட்டிப் பிடித்தேன். அவர் கொண்டையில் பிடித்து இழுத்துச் சேற்றில் எறிந்தார். எழும்பினேன். பிறகு என் கையும் கத்தியும் செய்ததை, வேறு ஆரோ செய்ததைப் பார்த்தது மாதிரித்தான் ஞாபகம். அம்மானின் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கோடாலி கீழே விழுந்தது. இவர் என் கன்னத்தில் ஒன்று விட்டார். நான் திருப்பி விட்டேனோ என்று கேட்காதீர்கள்.

இரத்தம் நிற்கவில்லை. என் சேலைத் தலைப்பைக் கிழித்து இறுக்கினோம், அதுவும் நனைந்தது. ஆசுப்பத்திரி அக்கரையில். எல்லாரும் பனைகளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இவர் மெல்லக் கேட்டார்: "தறிக்கட்டோ?"

"ஓம்" என்றேன். ஒரு சொல். அதை வந்தவுடனே கேட்டிருக்கலாம்.

அம்மானின் கையை நான்தான் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் மரம் சரிவு பிழைத்து விழ, வெள்ளம் அதைத் தும்பு மாதிரி உருட்டிக்கொண்டு போனது. "மோட்டு மாடுகளே, மேல்பக்கம் கொத்துங்கோடா!" என்று படுத்தபடியே அம்மான் கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "உயிரோடை எழும்பினால் உன்ரை கொண்டையை அறுப்பனடி" என்றார்.

"முதல் எழும்புங்கோ, பாப்பம்."

இரண்டாவது, அம்மான் கொத்தத் தொடங்கியிருந்த மரம், பிடித்தது. மூன்றாவது அதற்குப் பக்கத்தில் விழுந்தது. இவர் அம்மானை முதுகில் சுமந்து நடக்க, கட்டின கையைப் பிடித்தபடி பின்னால் நான். காலுக்குக் கீழே தண்ணீர் இரைந்தது. பாதியில் அம்மானின் தலை இவர் தோளில் சாய்ந்துவிட்டது. செத்துப்போனாரென்று நினைத்தேன். ஆனாலும் கையை விடவில்லை.

ஆசுப்பத்திரியில் அம்மான் கண் முழித்ததும் என்ன நடந்ததென்று டொக்டர் கேட்டார். "மரம் தறிக்கேக்கை கோடாலி வழுக்கிப் போச்சு ஐயா" என்றார். பொலிசுக்கும் அதேதான். என்னைக் காப்பாற்றச் சொன்னாரோ, ஒரு பெட்டை வெட்டினாளென்று சொல்ல வெட்கப்பட்டாரோ, நான் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேளாமல் மரத்தில் கொத்தினதுக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

அந்தப் பனைகளின் மேல் பிறகு மண்ணடித்து றோட்டாக்கினார்கள். குற்றி மேடு தட்டும், சைக்கிளில் வருகிறவர் என் படலையில் இறங்கி உருட்டித்தான் போகவேண்டும். அம்மானும் இறங்குவார். அந்த வெட்டோடு நிமிராமல் போன இரண்டு விரலையும் தூக்கிக் காட்டுவார்.

"பெட்டை, உன்ரை கத்தி நல்ல கத்தி."

"உங்கடை தலை தப்பினதுக்குச் சந்தோசப்படுங்கோ அம்மான்."

எத்தனையோ வருசம் எங்கள் வணக்கம் அதுதான். சண்டையின் கடைசி இடப்பெயர்வில் உழவு மெசினும் சனமுமாக எல்லாம் அந்தப் பனைகளுக்கு மேலால்தான் போனது. அவை அசையவில்லை. அம்மானும் அந்தச் சனத்துக்குள் நின்று விரலைத் தூக்கிக் காட்டினார். ஷெல் கூவிக்கொண்டு வந்தது, நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவர் திரும்பி வரவில்லை. மிச்சம் நின்ற மூன்று பனையும் ஷெல்லில் தலை பறந்து பட்டுப்போயின. இவரும் போய்விட்டார்.

பெக்கோக்காரன் குற்றியைக் கொண்டுவந்து படலையடியில் போட்டுவிட்டுப் போனான். அம்மான் கொத்தின கொத்து இன்னும் அதில் இருக்கிறது. கொங்கிறீற் குழாயை மண்ணுக்குள் தாட்டு, றோட்டை வழுவழுவென்று ஆக்கிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் நிற்காமல் பறக்கின்றன. அன்றைக்குச் சொல்லாத பதில் என்னிடம் இருக்கிறது. இறங்கி நின்று விரலைத் தூக்கிக் காட்டத்தான் ஆளில்லை.