இறக்கை நுனிக்குக் கீழே

கதவு எத்தனை அகலமாக இருந்தாலும் அவர் சட்டென்று நுழைந்துவிட மாட்டார். வலது தோளை ஒரு பார்வை, கதவு நிலையை ஒரு பார்வை, அப்புறம்தான் கால் உள்ளே போகும். சொந்த வீட்டுக் குளியலறைக்கும் இதே மரியாதைதான். தெருவில் யாராவது காரைப் பின்னுக்கு எடுத்தால் போச்சு, கையிலிருக்கும் பால் பாக்கெட்டோடு பின்னால் போய் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம், இன்னும் ரெண்டடி இருக்கு" என்பார். கேட்காத உதவி என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுவரில் இடித்துக்கொண்டவர்கள் இல்லை.

விமான நிலையத்தில் அவருக்கு இறக்கைக்காரர் என்று பெயர். பயணிகள் ஏறிய விமானத்தை இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளும்போது, வலது இறக்கையின் நுனிக்குக் கீழேயே கூட நடந்து வருவதுதான் வேலை. வண்டி ஓட்டுபவருக்கு அந்த நுனி எங்கே போகிறதென்று சரியாகத் தெரியாது; இவர் கண்தான் அவருக்குக் கண். இரண்டு கையிலும் ஆரஞ்சு நிறத் தடிகள். வலது தடி தலைக்கு மேல் நேராக நின்றால் வழி இருக்கிறது, தள்ளு. இரண்டையும் குறுக்கே வைத்தால் நில். இருபத்தாறு வருடம் அண்ணாந்தே நடந்ததில் கழுத்து வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. காதும் பாதி போயிற்று. அவர் ரகசியம் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும். "மேல உக்காந்திருக்கற முந்நூறு பேருக்கு நான் ஒருத்தன் கீழ இருக்கறதே தெரியாது. தெரியாம இருந்தாத்தான் நல்லது" என்பார்.

போன மாதம் தெரிந்துவிட்டது. நல்ல வெயில் நேரம். பக்கத்தில் நின்ற விமானம் தான் நிற்க வேண்டிய குறிவரை போகாமல் ஆறடி பின்தங்கி நின்றிருந்தது. அந்த ஆறடிக்கு அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இவர் வழக்கம்போலத் தரையில் போட்டிருந்த எல்லைக் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. தடியை உயர்த்தினார். பெரிய விமானம் திரும்பும்போது அதன் இறக்கை நுனி நாம் நினைப்பதைவிட அகலமாக வெளியே வீசும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். அன்றைக்குக் கோட்டை நம்பினார், வாலைப் பார்க்கவில்லை. தகர டப்பாவை மிதித்தாற்போல ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் தடிகள் குறுக்கே போயின.

யாருக்கும் அடியில்லை. ஆனால் வாலில் ஒரு கதவளவு ஓட்டை, இறக்கை நுனி கிழிந்து தொங்கியது. விசாரணை வைத்தார்கள், தவறு யார்மேல் விழுகிறதோ அவருக்கு வேலை போகும். வண்டி ஓட்டியவர் வேறு யாருமில்லை, இவருடைய தங்கை கணவர்தான். இவர் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவர். தள்ளச் சொல்லிக் காட்டினார், தள்ளினேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். கண்காணிப்புக் கேமராவை ஒரு எண்ணெய் லாரி மறைத்துவிட்டது. நிறுத்தச் சொல்லித் தடிகளைக் குறுக்கே வைத்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள்; தள்ளச் சொன்னதைப் பார்த்தவர் தங்கை கணவர் ஒருவர்தான். ஆக, இறக்கைக்காரர் பொய்யை முழுசாகக் கட்டவே வேண்டியதில்லை. சத்தம் முன்னே, தடிகளைக் குறுக்கே வைத்தது பின்னே என்பதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம். வீட்டில் மனைவி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அந்தத் தம்பிக்கு வயசிருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவார். உங்கள இனிமே யாரு கூப்பிட்டு வேல குடுப்பா?" கெட்ட மனுஷி இல்லை, பயந்துபோன மனுஷி. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. இறக்கைக்காரர் பாதிச் சாப்பாட்டில் கைகழுவ எழுந்தார்.

விசாரணையன்று காலை, அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. தங்கை கணவர் சண்டை போடவில்லை. சவரம் செய்யாத தாடையைத் தடவிக்கொண்டே, மெதுவாகப் பேசினால் இவருக்குக் கேட்காது என்பதால் காதருகே குனிந்து சொன்னார்:

"மச்சான், ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒருவேள நாந்தான் தப்பாப் பாத்துட்டேனோ?"

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். இத்தனை வருடம் இவர் கண்ணை நம்பியே வண்டி ஓட்டிய மனிதன், இப்போது தன் கண்ணையே சந்தேகப்படுகிறான். இறக்கைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். தங்கை கணவர் மூலை நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். ஊர், பேர், வருடமெல்லாம் கேட்டு முடித்து, நடுவில் இருந்தவர் பேனாவைத் திறந்தார்.

"சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன காட்டுனீங்க?"

இறக்கைக்காரர் எழுந்து நாற்காலியைத் தள்ளி வைத்தார். மேசைக்கு முதுகைக் காட்டி, மூலைப்பக்கம் திரும்பினார். வலது கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தினார். குனிந்திருந்தவர் நிமிர்ந்து பார்க்கும்வரை அதை இறக்கவில்லை.