அக்காவின் முடியை நான்தான் அவிழ்த்தேன்

அக்கா எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது உறவினர் இருவர் அழைத்து, "நல்லதா எழுதுப்பா, அந்த முடி கதைய மட்டும் விட்டுடு" என்றார்கள். விட முடியாது. அதை விட்டுவிட்டால் நான் எழுதுவது வேறு யாரோ ஒருவரைப் பற்றியதாகிவிடும்.

அக்கா கிள்ளானில் பிறந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா முன்பே காலமாகிவிட்டார். லோரி ஓட்டிய அப்பாவும் இறந்தபோது அக்கா பள்ளியில் படிவம் ஐந்தை அப்போதுதான் முடித்திருந்தார். மேலே படிக்காமல் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். அவருக்கு வேலை கிடைக்கும்வரை நான்கு மாதங்கள் எங்கள் இருவருக்கும் சோறு போட்டவர் அம்மாவின் தங்கையான சின்னம்மா.

அக்காவின் முடி அடர்ந்த சுருட்டை. வறண்டு, நாலா பக்கமும் எழுந்து நிற்கும். அவருக்குப் பத்தொன்பது வயதானபோது காஜாங்கிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று சின்னம்மா அவரைச் சலூனுக்கு அழைத்துப் போனார். மருந்து போட்டு முடியை நேராக்கினார்கள். இரண்டு வாரத்தில் உச்சி முடி கொத்துக் கொத்தாக உடைந்து விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை. இனி எந்த மருந்தும் தன் தலையில் படாது என்று அக்கா அன்று முடிவெடுத்தார்.

பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் முன்கவுண்டர் வேலை. முதலாளி ஒருநாள், "கொஞ்சம் ரீபாண்டிங் பண்ணி முடிய நேராக்கிட்டு வாங்களேன், பார்க்க நீட்டா இருக்கும்" என்றார்.

"பாஸ், காய்ச்சலோட வர்றவங்க என் தலைய பார்த்துட்டா திரும்பிப் போறாங்க?"

அடுத்த வாரம் அக்காவைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அந்த மாதமே வேலையை விட்டார். கிள்ளானில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் முன்கவுண்டரிலேயே இருந்தார்.

அவர் தலைக்கு எண்ணெய் மட்டும்தான். எண்ணெய் முடியை நேராக்காது. நேராக்குவது அவர் நோக்கமும் அன்று. முடி உடையாமல், ஈரம் போகாமல் இருந்தால் போதும் என்பார். பக்கவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. பதினோரு மாதம், சனிக்கிழமைதோறும். முறையை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்: மூன்று கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய். கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. முடியை லேசாக நனைத்து, விரலால் எண்ணெய் தடவிச் சிக்கெடுத்தபடி நுனியிலிருந்து மேலே வர வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அலசி, துண்டால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்ற வேண்டும்.

"டேய், மேலேர்ந்து இழுக்காத லா. முடி கையோட வந்துரும்" என்பார். "சீப்ப தொட்ட, நான் சாமி வந்து ஆடுவேன் பாரு."

அக்கா போன அன்று காலை நான் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், சின்னம்மா சொல்லி, உடம்பைத் தயார் செய்தவர்கள் ஜெல் போட்டு முடியைப் படிய வாரி, இறுக்கிக் கட்டி, கறுப்பு வலை மாட்டியிருந்தார்கள். எண்ணெய், சீயக்காய் வைக்கும் சடங்கு தொடங்க இருந்தது.

நான் வலையைக் கழற்றினேன்.

"என்னாடா பண்றே? ஆம்பள பொம்பள தலைய தொடுறதா? கடைசி நாளாச்சும் அடக்கமா போகட்டும்னு பார்த்தா... எல்லாரும் பார்க்கறாங்கடா!"

"பார்க்கட்டும் சின்னம்மா. பதினோரு மாசமா நான்தான் தொட்டேன்."

சடங்கு செய்ய வந்த ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாவுது தம்பி."

"நாப்பது நிமிஷம் குடுங்க ஐயா."

ஜெல் போகும்வரை தண்ணீர் ஊற்றினேன். கிண்ணத்தை வெந்நீரில் வைத்தேன். நுனியிலிருந்து தொடங்கினேன். முடி மெதுவாகச் சுருண்டு எழுந்தது. பிறகுதான் உறவினர்களை வரிசையாக வந்து எண்ணெய் வைக்கச் சொன்னேன். சின்னம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அன்று பந்தலுக்குத் தங்கள் வாசலையும் திறந்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், எல்லோருக்கும் தேநீர் போட்ட கண்ணாடிக் கடைத் தோழியருக்கும், மயானம்வரை வந்த உறவினர் அனைவருக்கும், பொறுமையாகக் காத்திருந்த ஐயாவுக்கும் எங்கள் நன்றி. சின்னம்மாவுக்கும் நன்றி, அந்த நான்கு மாதச் சோற்றை நான் மறக்க மாட்டேன். தன்னைச் சபையில் அவமானப்படுத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஓராண்டாகச் சொல்லி அனுப்புகிறார். அவர் காலில் எப்போது வேண்டுமானாலும் விழுவேன். இதற்காக மட்டும் விழ மாட்டேன். அக்கா தன் சுருட்டைத் தலையோடு போனார்.